விடுங்க, ஒலிக்கட்டும்

சிதோனி வாசேர் பிழை விடமாட்டாள் என்பது பாரீஸ் இசைப் பதிப்பகங்களில் கிட்டத்தட்டப் பழமொழியாகவே ஆகியிருந்தது. இசையமைப்பாளர்கள் எழுதித் தள்ளுகிற கோழிக்கிறுக்கலை வீட்டுக்கு எடுத்துப்போவாள். ஐந்து கோட்டுக்குள் ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்து, குளிப்பாட்டித் தலைவாரிய பிள்ளைபோல் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்த நகலைப் பார்த்துத்தான் அச்சுத் தட்டில் செதுக்குவார்கள். தட்டு செதுக்குகிற பாஸ்தியேன், எப்பேர்ப்பட்ட மனிதர்களையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்கிறவர், அவள் நகலைப் பார்த்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்வார். அவருக்கு அது மரியாதை.

அவளுடைய அப்பா ஒரு நாடகக் கொட்டகைக்கு நகலெடுத்துப் பிழைத்தவர். அவர் கண் மங்கியபோது பேனா இவள் கைக்கு வந்தது. நடுவில் ஒரு ரொட்டிக்கடைக்காரன் பெண் கேட்டான். அப்பாவை யார் பார்ப்பது என்றாள். அவன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டான். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பேனா மட்டும் தங்கிவிட்டது.

பத்தின்யோல் பக்கத்தில் ஆறாவது மாடியில் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அடுப்புக்கு மேலே ஆணியில் அம்மா விட்டுப்போன செம்புச் சட்டியின் மூடி. பியானோ கிடையாது. ஊரில் கொட்டுகிற இசையில் பாதி அவள் விரல் வழியாகத்தான் போனது. ஆனால் அவள் காதில் விழுந்ததெல்லாம் பக்கத்து அறை மதாம் பூஜேயின் இஸ்திரிப்பெட்டிச் சத்தம்தான். மதாம் பூஜே ஊராருக்கெல்லாம் கஞ்சிபோட்டு இஸ்திரி போடுகிறவள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சுவர் பெயருக்குத்தான் சுவர்.

அந்தச் சமயத்தில்தான் அர்மான் தெலோப்பின் தாள்கள் அவளிடம் வர ஆரம்பித்தன. தெலோப் என்றால் பாதிப்பேர் கண்ணை மூடிச் சொக்குவார்கள், மீதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். உவாஸ் ஆற்றங்கரையில் படகு ஏற்றி இறக்குகிற மதகுக் காவலர் ஒருவரின் மகன். இசைப் பள்ளியில் வாத்தியார்களுக்கு அவர் தீராத தலைவலி. பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் ஒரு சுரக்கொத்து எழுந்தால் அடுத்து அது எங்கே போகவேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு. இவர் அதை நின்ற இடத்திலேயே நிற்கவிடுவார், இல்லையென்றால் யாரும் எதிர்பாராத பக்கம் நழுவவிடுவார். மழை, மூடுபனி, ஈரக்கூரை, படகு போன பிறகு ஆடும் தண்ணீர் என்று இவற்றைப் பற்றியே எழுதினார். பத்திரிகைக்காரர்கள் ஓவியர்களைக் கேலி செய்யப் பிறந்த 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பட்டத்தை எடுத்து இவர் கழுத்திலும் மாட்டினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பாஸ்தியேன் ஒருமுறை சொன்னார்: "அந்தாளு பாட்டை செதுக்கினா எனக்கு மூட்டுவலி வந்துடுது. அவ்வளவு ஈரம்!"

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிடவேண்டும். ஒரு சுரத்தை நீட்டவேண்டுமானால் அதிலிருந்து ஒரு சின்ன வளைகோடு கிளம்பி, கட்டத்தைத் தாண்டி, அடுத்த கட்டத்தில் காத்திருக்கும் அதே சுரத்தில் போய் இறங்கும். கிளம்பின வளைவு இறங்கியாகவேண்டும். நகலெடுக்கிற சாதிக்கு இது வேதவாக்கு. இறங்காத வளைவைக் கண்டால் எழுதினவர் தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். தெலோப்பின் முதல் தாள்கட்டில் இப்படி வளைவுகள் பக்கத்துக்குப் பக்கம் தொங்கின. சுரத்திலிருந்து கிளம்பி, வெறும் வெள்ளைக் காகிதத்தில் போய் நின்றன. பெரிய மனிதர், ஞாபகமறதி என்று சிதோனி இரக்கப்பட்டாள். ஒவ்வொன்றின் முனையிலும் அழகாக ஒரு சுரத்தை வைத்து இறக்கிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு நடுப்பகலில் கதவு இடிபட்டது. திறந்தால், முகம் சிவந்து மூச்சு வாங்க ஒரு பருத்த மனிதர். கையில் அவள் எழுதின தாள்கள்.

"எந்தக் கழுதை இதை எழுதினது?"

"நான்தான் முசியே. உள்ள வாங்க. ஆறு மாடி ஏறி வந்திருக்கீங்க, கழுதைகிட்ட உட்கார்ந்தே பேசலாம்."

அவர் கொஞ்சம் தடுமாறிப்போனார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் மட்டும் உட்காரவில்லை.

"இந்த சுரம் எங்கேருந்து வந்துச்சு? இது? இதோ இது? நான் எழுதவே இல்லையே!"

"வளைவு கிளம்பிச்சு முசியே. இறங்க இடமில்லாம தொங்கிட்டு நின்னுச்சு. பாவமா இருந்துச்சு, இறக்கிவிட்டேன்."

"உங்களை யாரு இறக்கச் சொன்னது? அது இறங்கக்கூடாது! போகணும்!"

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல!"

"எங்கயும் இல்லாத ஊருக்கு நான் எப்படி முசியே வழி போடறது?"

அவர் எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "பியானோ எங்க? வாசிச்சுக் காட்டறேன்."

"பியானோ இல்லீங்க."

"இல்லையா?" என்றார். அவள் கையெழுத்தையும் வெறும் சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவருக்குக் கோபம் மறந்துபோனது. "அப்ப இதையெல்லாம் நீங்க கேக்கறதே இல்லையா?"

"எழுதறதுக்கு மேஜை போதும் முசியே."

அவர் அடுப்புப் பக்கம் போனார். ஆணியிலிருந்து செம்பு மூடியை எடுத்து, அதன் கைப்பிடியை ஒரு விரலில் தொங்கவிட்டு, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். அறை முழுக்க ஒலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மதாம் பூஜே இருக்கிறாளே என்ற பழக்கத்தில் சிதோனி பாய்ந்து மூடியைப் பிடித்துக்கொண்டாள். ஒலி செத்தது.

"கையை எடுங்க!" அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். "விடுங்க. விடுங்க, ஒலிக்கட்டும்."

மறுபடி தட்டினார். இரண்டு பேரும் அசையாமல் நின்று கேட்டார்கள். ஒலி மெலிந்தது, இன்னும் மெலிந்தது, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஓர் இடத்துக்கு வந்தது. சிதோனி ஆயுசு பூராவும் சுரங்களை எழுதியிருக்கிறாள். ஒரு சுரம் போகிற போக்கை அன்றைக்குத்தான் கேட்டாள். 

அந்த நேரம் பார்த்துச் சுவரில் டொம் டொம் என்று இரண்டு இடி. "ஏய் சிதோனி! இது வீடா, சர்ச்சா? யாருக்கடி கல்யாணம், மணி அடிக்கறே?"

தெலோப் விழுந்து விழுந்து சிரித்தார். "பாருங்க, உங்க சாதிதான் அவங்களும். தொங்கிட்டு இருந்த ஒலியை இறக்கிவிட்டுட்டாங்க."

சாப்பாட்டு வேளை. லீக்ஸ் என்கிற பெரிய வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் இருந்தால் மரியாதையில்லை, ஒப்புக்குத்தான் கேட்டாள். அவர் இரண்டு கிண்ணம் குடித்தார். சின்ன வயதில் மதகில் தண்ணீர் ஏறுகிறவரைக்கும் படகுக்காரர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பாராம். அக்கரைக் கோயிலில் மணி அடிக்கும். "மணியடிக்கிறவரு கயித்தை விட்டுட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிடுவாரு மத்மசேல். மணி இன்னும் தண்ணி மேலயே நிக்கும். எங்கப்பா சொல்லுவாரு, 'அது யாருக்கும் சொந்தமில்லடா, தொடாதே'ன்னு. நான் எழுதறதெல்லாம் அந்த ஒண்ணுதான். பேப்பர்க்காரனுங்க என்ன பேரு வேணா வெச்சுக்கட்டும்."

கிளம்பும்போது தாள்களை அவள் மேஜைமேல் வைத்தார். "இனிமே அந்த மாதிரி இடத்துல 'விடுங்கள்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதிவைக்கறேன். மத்தவங்களுக்கு முழுசா எழுதணும். உங்களுக்கு அது போதும்." கதவுக்கு வெளியே போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சூப் பிரமாதம். இன்னொரு தப்பு பண்ணுங்க, திரும்ப வரேன்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். சொன்னவருக்கு நாலாவது மாடி இறங்குவதற்குள் மறந்திருக்கும். கேட்டவளுக்கு மறக்கவில்லை. அவள் அறைக்கு வேலை கொண்டுவருகிறவர், வாடகை வாங்குகிறவர் தவிர யாரும் வந்து உட்கார்ந்ததில்லை, அவள் கையை யாரும் பிடித்ததுமில்லை. இதைக் காதல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். அதுகூட இல்லாமல் ஒருத்தி எத்தனை காலம் இருப்பாள்?

ஒரு தப்பு செய்தால் போதும். ஆனால் அவளால் முடியவில்லை. தப்பில்லாத கை என்பது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த ஆஸ்தி. அதைக் கொடுத்து ஒரு விருந்தாளியை வாங்க மனம் வரவில்லை. வருஷங்கள் போயின. தெலோப்பின் தாள்கள் வந்தபடி இருந்தன. தொங்குகிற வளைவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'விடுங்கள்' என்று இருக்கும். அவள் நகலில் அதை 'விடுங்கள், ஒலிக்கட்டும்' என்று முழுதாக எழுதுவாள். கட்டைத் திருப்பி அனுப்பின மறுநாள் லீக்ஸ் வாங்கிச் சூப் வைப்பாள். அளவு கொஞ்சம் கூடவே இருக்கும். மதாம் பூஜே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்பாள்.

"யாருக்குடி இவ்வளவு? பிரான்ஸ் படையே வருதா?"

"குளிர்காலம். கெட்டுப்போகாது."

"கோடையிலயும் இதையேதான் சொன்னே."

அவர் வாழ்க்கை அவளுக்குக் கையெழுத்தாகவே தெரிந்தது. ஒரு வருஷம் எழுத்து பெரிதாக, கோட்டைத் தாண்டிச் சிரித்துக்கொண்டு ஓடியது. பெயர் வந்த வருஷம் அது. அப்புறம் ஒரு காலம் தாளெல்லாம் மதுக்கறையும் அடித்தல் திருத்தலுமாக வந்தது. மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள், கூட்டாளிகள் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள் என்று பாஸ்தியேன் சொன்னார். அதற்குப் பிறகு எழுத்து சிறுத்தது. சுரங்களும் குறைந்தன. ஒரு பக்கத்தில் பாதி வெறும் இடைவெளியாக இருக்கும், வளைவுகள் மட்டும் கூடிக்கொண்டே போகும். இந்த ஆளுக்கும் சாப்பாட்டு மேஜையில் எதிரே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பார்க்கப்போனால் பாரீஸில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரே ஒருமுறை அவருடைய புது இசைக்கு மேல்தட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனாள். இடைவேளையில் அவர் நாலைந்து பேர் சூழ மாடிப்படியில் இறங்கி வந்தார். இவள் ஒதுங்கி நின்று தலையை அசைத்தாள். அவர் ஒரு பெண்பிள்ளைக்கு வழிவிடுகிற மரியாதையோடு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவள் சூப் வைக்கவில்லை.

பிறகு போர் வந்தது. மதாம் பூஜேயின் மகன் போர்முனைக்குப் போனான். தெலோப்பின் தாள்கள் நின்றுபோயின. வயிற்றில் ஏதோ கட்டியாம், வெளியே வருவதில்லையாம். போரின் கடைசிக் குளிர்காலத்தில், எதிர்பாராமல் ஒரு மெல்லிய கட்டு வந்தது. பியானோவுக்கு ஒரு சின்ன உருப்படி. பெயர் 'மூடிய மதகு'. எழுத்து பென்சிலில் நடுங்கியது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சுரக்கொத்து, அதன் உச்சிச் சுரம் 'சோல்'. அதிலிருந்து ஒரு வளைவு கிளம்பி வெள்ளைக் காகிதத்துக்குள் போனது. அதற்குப் பக்கத்தில் இந்த முறை 'விடுங்கள்' இல்லை. மறந்தாரோ, கை வலித்ததோ.

சிதோனி அந்தப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதற்குமேல் கட்டு வராது என்று அவள் மனம் சொல்லிவிட்டது. ஆனாலும் அவருக்கு உடம்பு தேவலை, தோட்டத்தில் நடக்கிறார் என்று பாஸ்தியேன் சொல்லியிருந்தார். நடக்கிறவர் வண்டி ஏறி வரமாட்டாரா? வரமுடியாவிட்டால் ஆள்விட்டுத் திட்டவாவது மாட்டாரா? ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஆஸ்தியை யாருக்குச் சேர்த்துவைக்கிறாள்? பேனாவை மையில் தொட்டு எடுத்து, அடுத்த கட்டத்தில், வளைவு போய் இறங்குகிற இடத்தில், ஒரு சோல் வைத்தாள். அவள் ஆயுசில் எழுதியதிலேயே அழகான சுரம் அதுதான்.

அப்புறம் காத்திருந்தாள். வசந்தம் பிறந்த கையோடு, எங்கேயோ கண்காணாத தூரத்திலிருந்து பீரங்கிக் குண்டுகள் பாரீஸுக்குள் விழ ஆரம்பித்தன. எங்கே விழும், எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. தெருவே மூட்டை கட்டியது. மதாம் பூஜே இஸ்திரிப்பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஓர்லியோன்ல எங்க அக்கா வீடு இருக்கு. நீயும் வாடி. இங்க என்ன வெச்சிருக்கே?"

"ஒருத்தர் வரவேண்டியிருக்கு."

"யாரு?"

"சொன்னா சிரிப்பே."

மதாம் பூஜே சிரிக்கவில்லை. "அடி போடி இவளே. எனக்கென்ன காது இல்லையா, மூக்கு இல்லையா? அன்னிக்கு மூடியைத் தட்டினானே, அந்த குண்டு ஆளுதானே? இவ்வளவு வருஷமா அவனுக்குத்தானே சூப் வெச்சே?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். தன் மூட்டையிலிருந்து ஒரு கட்டு லீக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "வெச்சுக்கோ. சந்தையில இனிமே கிடைக்காது." படியிறங்கும்போது அவள் அழுகிற சத்தம் கேட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்துப் படியில் காலடி கேட்டது. கனத்த காலடி, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. சிதோனி தலைமுடியை ஒதுக்கி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். பாஸ்தியேன் நின்றார்.

"என்னம்மா, எமனைப் பார்த்தமாதிரி பார்க்கறே? நான்தான்." உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தார். சோதனை அச்சுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "உன் நகல்ல கடைசியில ஒரு சோல் இருக்கு. அவரு கையெழுத்துல அது இல்ல. உன் கை தப்பாதுன்னு ஊருக்கே தெரியும். அவருதான் மறந்திருப்பாருன்னு தட்டுல அடிச்சுட்டேன். ஆனாலும் மனசு கேக்கல. கேள்விக்குறி போட்டு அவரு வீட்டுக்கு அனுப்பினேன். இன்னிக்குத் திரும்பி வந்துச்சு, பாரு."

பாஸ்தியேனின் கேள்விக்குறிக்குப் பக்கத்தில், நூல் பிரிந்ததுபோல் நடுங்கிய பென்சிலில், ஒரே வார்த்தை. 'விடுங்கள்.'

"அப்படியே விட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு. கதை முடிஞ்சுது, அச்சுக்கு ஏத்திடலாம். உன் வீடு வழியில இருந்துச்சேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், என்ன ஆச்சு?"

"அந்த சோல் என்னுது, பாஸ்தியேன்."

"உன்னுதுன்னா?"

"அவரு எழுதல. மறக்கவும் இல்ல. நான் வெச்சேன்."

"தூக்கத்துலயா?"

"வேணும்னே."

பாஸ்தியேன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "சரி, வெச்சே. அவரே விடச் சொல்லிட்டாரே! அட, யாருக்கம்மா கிடைக்கும் இது? நான் செத்து, நீ செத்து, இந்தக் குண்டு போடறவன் செத்து, அப்புறமும் எவனாவது அதை வாசிப்பான். உன் சுரம் ஒலிக்கும். நான் வாயைத் திறக்கமாட்டேன். என் தட்டு மேல சத்தியம்."

அவளுக்கும் அந்த ஆசை நெஞ்சு முட்ட வந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பாஸ்தியேனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அவளும் அவரும் பேசி வைத்துக்கொண்ட பாஷையில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேறு. கையை எடுங்க, ஒலிக்கட்டும் என்று அர்த்தம். சுரத்தை விடச் சொன்னாரா, சுரத்திலிருந்து கையை விடச் சொன்னாரா?

"நேர்ல போய்க் கேட்டுடறேன்" என்று சால்வையை எடுத்துக்கொண்டாள்.

பாஸி பக்கம் அவர் வீட்டு வாசலில் துக்க வீட்டுக் கறுப்புத் திரை கட்டியிருந்தது. அதில் வெள்ளி நூலில் அவர் பெயரின் முதலெழுத்து. சிதோனி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்றாள். பின்கட்டு வழியாகப் போனபோது சமையல்காரி கதவைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலம் போயிட்டாரும்மா. நீங்க யாரு?"

"நகலெடுக்கறவ. ஒரு தாள் வந்துச்சே, பென்சில்ல ஒரு வார்த்தை எழுதி…"

"அதுவா? நான்தான் தலையணை முட்டுக் குடுத்துப் பிடிச்சேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க! மாசக்கணக்கா சிரிக்காத மனுஷன். 'கழுதை கூப்பிடுது'ன்னாரு. என்னைத்தான் திட்டறாருன்னு நினைச்சேன்."

சிதோனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதி முடிச்சுட்டு லீக்ஸ் சூப் வேணும்னாரு. அவருக்கு வாயில எதுவும் இறங்கலம்மா, அவரே கேக்கறாரேன்னு ஓடினேன். சந்தையில ஒரு தண்டு கிடைக்கல. கேரட் போட்டு வெச்சுக் குடுத்தேன். ஒரு வாய் வெச்சுட்டு 'இது இல்ல'ன்னுட்டாரு."

அவள் மேஜைமேல் ஒரு கட்டு லீக்ஸ் வாடிக்கொண்டிருந்தது. "அந்தச் சுரத்தைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சுரமா? எனக்கென்னம்மா தெரியும்? அவ்வளவுதான் சொன்னாரு."

திரும்பும் வழியெல்லாம் கடைகள் அடைத்திருந்தன. எங்கேயோ ஒரு குண்டு விழுந்தது. அவள் நடையை மாற்றவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சுரத்தைப் பார்த்ததும் அது தப்பில்லை, அழைப்பு என்று தெரிந்துவிட்டது. சூப் நினைவிருந்திருக்கிறது. அது போதும் என்று நினைத்தாள், போதவில்லை, அழுதாள். தெருவில் அழுவதற்கு அந்த நாட்களில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. விடுங்கள் என்றால் இருக்கட்டும் என்றும் ஆகும். ஒலிக்கட்டும் என்றும் ஆகும். என்னால் வர முடியாது, என்னை விடுங்கள் என்றும் ஆகும். எதுவென்று சொல்லவேண்டியவர் இனிச் சொல்லப்போவதில்லை. சுரத்தை வைத்திருந்தால் அவர் அனுமதித்தார் என்று ஆயுசுக்கும் நம்பலாம். ஆனால் அது அன்றைக்கு மூடியைப் பாய்ந்து பிடித்தாளே, அதே கைதான். அவர் கிளம்பிவிட்டார். இறக்கிவிட இவள் யார்?

பாஸ்தியேனின் பட்டறை ஒரு முற்றத்தின் பின்னால் இருந்தது. அவர் தட்டைத் தயாராக வைத்திருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டாரு." அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் தொடர்ந்தாள்: "அந்த சோலைத் தட்டி அழிச்சிடுங்க பாஸ்தியேன்."

"சிதோனி, நல்லா யோசிச்சுக்கோ. தட்டினா போனது போனதுதான்."

"தட்டுங்க. நான் கையை எடுக்கணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே தட்டைக் குப்புறப் போட்டார். சுரம் இருந்த இடத்துக்கு நேர் பின்பக்கத்தைத் தடவிக் கண்டுபிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டினார். ஈயத்தகடு மெத்தென்று உள்வாங்கி மேலே எழும்பியது. திருப்பித் தேய்த்து மட்டமாக்கினார். வளைவு மட்டும் இருந்தது. அது கட்டத்தைத் தாண்டி வழவழப்பான வெற்றுத் தகட்டுக்குள் போனது. அதன் கீழே எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்து அவர் அடித்தார். 'விடுங்கள், ஒலிக்கட்டும்.' மறுபடி கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தடவை துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிதோனி வாடிய லீக்ஸின் மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டு, நல்லதாக இருந்ததை நறுக்கினாள். கிழங்கு நறுக்கினாள். சூப் கொதித்து அடங்கியதும், ஆணியிலிருந்து செம்பு மூடியை எடுத்தாள். கைப்பிடியை ஒரு விரலில் தொங்கவிட்டு, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

மூடி ஒலித்தது. கை தானாக எழுந்தது. அடக்கிக்கொண்டாள். ஒலி மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாள்கள் மீதும், அவர் உட்கார்ந்த நாற்காலி மீதும் போய் நின்று, மெலிந்துகொண்டே வந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். எப்போதும் இந்த இடத்தில்தான் டொம் டொம் என்று விழும். இது வீடா சர்ச்சா என்று ஒரு குரல் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கீழே ஐந்து மாடியிலும் யாரும் இல்லை.

அவள் மூடியைத் தொடாமல் நின்று கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரு கிண்ணம் எடுத்து, ஒரு ஆளுக்கு மட்டும் சூப் ஊற்றிக்கொண்டாள்.